ஆறில் ஒரு பங்கு கூரையாகுமா?

"உனக்குச் சொந்த வீடு உண்டா, இல்லையா?" என்று அரசாங்கத்தின் விண்ணப்பத் தாள் கேட்கிறது. உண்டு என்பதற்கு ஒரு கட்டம். இல்லை என்பதற்கு மற்றொரு கட்டம். இரண்டில் ஒன்றில் குறியிட்டாக வேண்டும். மூன்றாவது கட்டம் கிடையாது.

மாளிகைவாசிக்கு இந்தக் கேள்வி எளிது. நடைபாதைவாசிக்கும் எளிது. இரண்டுக்கும் நடுவே நிற்கிறானே, அவனுக்குத்தான் பேனா நகர மறுக்கிறது. தகப்பன் விட்டுச் சென்ற வீட்டில் அவனுக்கு ஆறில் ஒரு பங்கு இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் அவன் பாய் விரிக்க இடமில்லை. அவன் எந்தக் கட்டத்தில் குறியிடுவான்? உண்டு என்று எழுதினால் வீட்டுத் திட்டம் கைநழுவிப் போகும். இல்லை என்று எழுதினால் பொய் சொன்னவன் என்ற பெயர் வரும். மெய் சொன்னால் வீடில்லை. வீடு வேண்டுமென்றால் மெய்யில்லை! ஏழையை இப்படி நாற்சந்தியில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பதற்கா திட்டம்?

நாம் இன்று பேச வந்தது இதைப் பற்றித்தான். பெரிய தத்துவம் அல்ல. 'சொந்தம்' என்ற ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு. ஆனால் அந்த ஒரு சொல்தான், இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உழைப்பாளியின் தலைக்குமேல் கூரை வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

1856-ஆம் ஆண்டு தென்னாட்டின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதன்பின் துறைமுகம் வளர்ந்தது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகள் எழுந்தன. மோட்டார் லாரி செய்தார்கள், மோட்டார் சைக்கிள் செய்தார்கள், டயர் செய்தார்கள், தீப்பெட்டி செய்தார்கள். மணலியில் எண்ணெய் சுத்திகரித்தார்கள். காசிமேட்டில் கடலோடு மல்லுக்கட்டினார்கள். ஊருக்கெல்லாம் சக்கரம் செய்து கொடுத்த கைகள், தாம் குடியிருக்க ஒரு மனை வாங்கியது எப்படி? சீட்டுப் பணம் எடுத்து, தாலிச் சங்கிலியை அடகு வைத்து, சேமநிதியில் கடன் பெற்று, இரவு ஷிப்டின் கூலியைச் செங்கல்லாக மாற்றி, ஒரு வீட்டை எழுப்பினார்கள். ஒரு தலைமுறையின் வியர்வை ஒரு வீடாயிற்று.

அடுத்த தலைமுறைக்கு என்ன ஆயிற்று? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

600 சதுர அடியில் தளம் போட்ட வீடு என்று வைத்துக்கொள்வோம். தந்தை தாமே சம்பாதித்துக் கட்டியது. உயில் எழுதவில்லை. உழைத்தவனுக்கு உயில் எழுத நேரம் ஏது? அவர் கண்மூடுகிறார். எஞ்சியவர்கள் மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. அதாவது, 100 சதுர அடி. அந்த மூன்று மகன்களில் ஒருவன் தந்தைக்கு முன்பே மாண்டிருந்தால், அவனுடைய ஆறில் ஒன்று அவன் மனைவிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் சமமாகப் பிரியும். ஆளுக்குப் பதினெட்டில் ஒன்று. 33 சதுர அடி சொச்சம்! ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டால் செருப்பைக் கழற்றிவிட இடம் மிஞ்சும். கணவனை இழந்து கைக்குழந்தையோடு நிற்கும் அந்தப் பெண்ணும் ஏட்டில் வீட்டுக்காரி!

மதம் மாறினால் கணக்கு மாறும், முடிவு மாறாது. கிறிஸ்தவத் தோழர் வீட்டில் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. இசுலாமியத் தோழர் வீட்டில் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு இரண்டு பங்கென்றால் மகளுக்கு ஒன்று. எந்த வழியில் போனாலும் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்கிறது.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தென்றால் இன்னும் வேடிக்கை. அங்கே பிறப்பினாலேயே பாத்தியதை வந்துவிடுகிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் பங்கு உண்டு. பால் மணம் மாறா முன்பே வீட்டுக்காரன்! வளர்ந்து, ஆலைக்குப் போய், வாடகைக்கு வீடு தேடி அலையும்போதுதான் அவனுக்குத் தெரிகிறது, தான் பிறந்த நாள் முதல் 'சொந்த வீடு உள்ளவன்' என்று சந்தேகிக்கப்படும் நிலையில் இருப்பது!

அந்த 600 சதுர அடியில் யார் இருக்கிறார்கள்? தாய் இருப்பார்; மூத்தவன் குடும்பம் இருக்கும். மற்றவர்கள் கொருக்குப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ கத்திவாக்கத்திலோ ஒண்டுக் குடித்தனம். பங்கு ஓரிடத்தில், படுக்கை வேறிடத்தில். பிரித்துக் கொள்ளலாமே என்பான் ஊர் தெரியாதவன். ஒற்றை அடுப்படியை ஆறாகப் பிரிப்பது எப்படி? கழிப்பறையை ஆறாகப் பிரிப்பது எப்படி? விற்றுப் பணமாக்கலாமே என்பான் மனம் தெரியாதவன். விற்றால் தாய் எங்கே போவாள்? அண்ணன் பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஒருவனுக்கு வீடு தேட, மூன்று பேரைத் தெருவில் நிறுத்துவதா? நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பான் அனுபவம் இல்லாதவன். பாகப்பிரிவினை வழக்குக்கு வாய்தா உண்டு. முடிவு எப்போது என்பது வழக்குப் போட்டவனுக்கும் தெரியாது.

இப்போது திட்டத்தைப் பார்ப்போம். வாயில் நுழையாத இந்திப் பெயரோடு டில்லி ஒரு திட்டம் வைத்திருக்கிறது: பிரதமர் ஆவாஸ் யோஜனா. நகர்ப்புறத்துக்கு 2015 ஜூன் 25-ல் தொடங்கினார்கள். இரண்டாம் கட்டத்தை 2024 செப்டம்பர் 1 முதல் ஐந்தாண்டுக்கு, ஒரு கோடிக் குடும்பங்களுக்கு என்று அறிவித்தார்கள். சொந்த மனையில் கட்டிக்கொள்ள ஒன்றிய, மாநில அரசுகளின் பங்கு சேர்ந்து 2,50,000 ரூபாய். கடன் வாங்கி வீடு வாங்குவோருக்கு 1,80,000 ரூபாய் வரை வட்டி மானியம். ஏழைக்கு இது சின்னத் தொகை அல்ல.

நிபந்தனை என்ன? விண்ணப்பிப்பவர் பெயரிலோ, அவர் குடும்பத்தார் பெயரிலோ, இந்தியாவின் எந்த மூலையிலும் 'பக்கா' வீடு இருக்கக்கூடாது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத மக்கள். இங்கே நம் மாநிலத்து வாரியங்களின் ஒதுக்கீட்டுக்கும் சொந்த வீடில்லை என்று உறுதிமொழி தரவேண்டும். உறுதிமொழி பொய்யென்று தெரிந்தால் ஒதுக்கீடு போகும். மானியம் திரும்பப் பெறப்படும்.

நிபந்தனையில் உள்ள 'பெயரில்' என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே. தந்தை இறந்தபின் நேர்மையாக வாரிசுச் சான்று வாங்கி, கூட்டுப் பட்டாவுக்கு மனுப் போட்டு, வரி ரசீதில் எல்லார் பெயரையும் ஏற்றியவன் யாரோ, அவன் பெயரில் 'வீடு' இருக்கிறது. ஒன்றும் செய்யாமல், இறந்தவர் பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்தவன் பெயரில் 'வீடு' இல்லை. இருவருக்கும் சட்டத்தில் ஒரே பங்கு! ஒருவன் தகுதியற்றவன், மற்றவன் தகுதியுள்ளவன்! ஒழுங்காக இருந்தவனுக்குத் தண்டனை, ஒன்றும் செய்யாதவனுக்குப் பரிசு என்றால், இதற்குப் பெயர் விதியா, விபரீதமா?

இன்னொரு கொடுமையும் உண்டு. இதே ஆறில் ஒரு பங்கைக் காட்டி வங்கியில் கடன் கேட்டுப் பாருங்கள். "பிரிபடாத பங்கு, ஆறு பேரும் வந்து கையொப்பமிடவேண்டும்" என்பார்கள். கடன் கேட்டால் வீடில்லாதவன். மானியம் கேட்டால் வீடுள்ளவன்! ஒரே மனிதன், ஒரே பங்கு. கொடுக்கவேண்டிய இடத்தில் அது செல்லாக்காசு. மறுக்கவேண்டிய இடத்தில் அது தங்கக்காசு!

2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை நீண்டது. மகிழ்ச்சிதான். மனையின் மதிப்பும் ஏறியது. ஏறிய மதிப்பு யார் சட்டைப்பையில்? பிரிபடாத பங்குக்காரன் ஒரு தம்பிடியும் காணவில்லை. அவன் கண்டது ஏறிய வாடகையை மட்டும்! ஏட்டுச் சுரைக்காய் பெருத்துக்கொண்டே போகிறது. கறிச்சட்டி காலியாகவே இருக்கிறது.

இனி, நம் இயக்கத்தின் நெஞ்சைத் தொடும் பகுதிக்கு வருகிறோம்.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்கு நிகராகப் பெண்ணுக்கும் சொத்தில் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று சிரித்தவர்கள் உண்டு, சீறியவர்களும் உண்டு. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989-ல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாடு சட்டம் செய்தது: பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல் பங்கு. டில்லி அந்த இடத்துக்கு வந்து சேர 2005 ஆயிற்று. அதுவரை 1956 சட்டத்தில் ஒரு முள் இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை, பெண் வாரிசு பிரிவினை கேட்கக்கூடாது என்ற முள். 2005 திருத்தம் அந்த முள்ளைப் பிடுங்கியது.

இவ்வளவு போராடிப் பெற்ற உரிமை இன்று என்ன ஆகிறது? திட்டம் சொல்கிறது, வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலுமோ இருக்கவேண்டும் என்று. பாராட்டுகிறோம். ஆனால் அதே திட்டத்தின் மற்றொரு விதி, மனைவியின் பெயரில் உள்ள வீட்டையும் குடும்பக் கணக்கில் சேர்க்கிறது. அவளுக்குப் பிறந்த வீட்டில் உள்ள துண்டுப் பங்கை வீடென்று எண்ணிவிட்டால், அவள் கணவனுக்கும் சேர்த்துத் தகுதி போகிறது. ஒரு கை அவளை வீட்டுக்குச் சொந்தக்காரியாக்க நீள்கிறது. மறு கை அவளைச் சொந்தக்காரி என்று சொல்லியே வாசலில் தடுக்கிறது!

அப்போது தரகன் வருகிறான். "ஒரு கையெழுத்துதானம்மா. அண்ணன் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடு. உன் பெயரில் ஒன்றும் இருக்காது. திட்டத்தில் வீடு வந்துவிடும்" என்கிறான். அவள் கையெழுத்திடுகிறாள். பத்திரம் பதிவாகிறது. திட்டத்தில் வீடு வருமா? வரலாம், வராமலும் போகலாம். பங்கு போனது மட்டும் நிச்சயம். மோசடி என்று நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாலொழிய, பதிவான விடுதலைப் பத்திரம் திரும்பி வராது. அதற்குச் செலவும் அவள் தலையில்: சொத்து மதிப்பில் நூற்றுக்கு ஒன்று முத்திரைத் தீர்வை. அதன் உச்சவரம்பு 2023 ஜூலையில் 25,000 ரூபாயிலிருந்து 40,000 ஆயிற்று. பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 4,000-லிருந்து 10,000 ஆயிற்று. உரிமையை விட்டுக்கொடுக்கவும் கட்டணம்!

1929-ல் தொடங்கிப் பெற்ற பங்கை, ஒரு விண்ணப்பத் தாளின் கட்டத்துக்காகப் பெண்கள் தாமே எழுதிக் கொடுக்கும் நிலை வருமானால், சனாதனிகள் மேடை போட்டுச் செய்ய முடியாததை, ஒரு மௌன விதி மேசையில் இருந்தபடியே செய்துவிடும். இதை நாம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

மறுபக்கத்தையும் பேசுவோம், நியாயத்துக்கு அஞ்சுவோர் அல்லர் நாம். வீடுள்ளவனுக்கு வீடு கூடாது என்ற விதி எதற்காக வந்தது? நாலு வீட்டை நாலு பினாமி பெயரில் வைத்துக்கொண்டு, ஐந்தாவதை ஏழை பெயரில் சுருட்டும் எத்தர்களைத் தடுக்க வந்தது. அந்த விதி வேண்டும். மூன்று மாடிக் கட்டடத்தில் பாதிப் பங்கு வைத்து மாதாமாதம் வாடகை வாங்குபவன், 'பிரிபடாத பங்குதானே' என்று புகுந்துவிடக்கூடாது. அப்படிப் புகுந்தால் பறிபோவது குடிசைவாசியின் இடம். ஆகவே பங்கையெல்லாம் கண்மூடிக்கொண்டு தள்ளுபடி செய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. பங்கை அளந்து பாருங்கள் என்கிறோம்!

அளக்க முடியுமா? முடியும் என்பதற்கு அவர்களுடைய ஏடே சாட்சி. 2015 திட்டத்தின் வழிகாட்டு நெறியிலேயே ஓர் இடம் இருக்கிறது. பக்கா வீடு இருந்தாலும், அதன் கட்டடப் பரப்பு 21 சதுர மீட்டருக்குக் குறைவானால், 30 சதுர மீட்டர் வரை விரித்துக் கட்ட உதவி பெறலாம் என்றார்கள். விரிக்க இடமில்லை என்றால் வேறிடத்தில் வீடு பெறலாம் என்றும் வழி வைத்தார்கள். 21 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 226 சதுர அடி. தனி வீடாக 200 சதுர அடி வைத்திருப்பவன், வீடு போதாதவன் என்று ஒப்புக்கொண்ட அரசு, பிரிக்க முடியாத 100 சதுர அடி வைத்திருப்பவனைப் பார்த்து, உனக்கு வீடு போதும் என்று சொல்லலாமா? 33 சதுர அடிக்காரியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வெளிநாட்டையும் எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் இரண்டாம் வீடு வாங்குவோருக்கு 2016 முதல் கூடுதல் முத்திரை வரி உண்டு. ஆனால் மரபுரிமையாக வந்த வீட்டில் பாதிக்கு மேற்படாத பங்கு இருந்தால், வந்து சேர்ந்த மூன்றாண்டு வரை அதைக் கணக்கில் கொள்வதில்லை என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நம் தமிழர் வாழும் சிங்கப்பூரில், மரபுரிமையாக வந்த சொத்தும் வீட்டுத் தகுதிக் கணக்கில் சேரும் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று தளர்ந்த விதி. மற்றது இறுக்கமான விதி. இரண்டிலும் குடிமகனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது தெரியும். இங்கே விதி வாய்மூடி நிற்கிறது. விதி வாய் மூடினால் மேசை வாய் திறக்கும்; மேசை வாய் திறந்தால் தரகன் கை நீளும்!

நாம் கேட்பவை அதிகமில்லை.

ஒன்று: விண்ணப்பத் தாளில் மூன்றாவது கட்டம் வேண்டும். 'குடும்பச் சொத்தில் பங்கு மட்டும் உண்டு' என்ற கட்டம். எத்தனையில் எத்தனை பங்கு, அங்கே குடியிருப்பவர் யார், வாடகை வருகிறதா என்று அதில் கேளுங்கள், உண்மையைச் சொல்கிறோம்.

இரண்டு: விண்ணப்பதாரர் குடியிராத, வருமானம் தராத, பங்குக்கு 21 சதுர மீட்டரும் தேறாத பாத்தியதை, பக்கா வீடாகாது என்று விதியிலேயே எழுதுங்கள்.

மூன்று: வீடு ஒதுக்குவதற்காகப் பெண்ணிடம் விடுதலைப் பத்திரம் கேட்கக்கூடாது என்று எழுத்தில் ஆணையிடுங்கள்.

நான்கு: ஏழைக் குடும்பங்கள் தாமே கூடிப் பாகம் பிரித்துக்கொள்ள முன்வந்தால், முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யுங்கள்.

முதல் இரண்டுக்கு டில்லி பதில் சொல்லட்டும். மற்ற இரண்டும் மாநிலத்தின் கைக்கு எட்டுபவை. 1970-ல் குடிசை மாற்று வாரியம் கண்ட நாடு இது; 1971-ல் அதற்கெனச் சட்டம் செய்த நாடு இது. 2021-ல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. வாழ்விடம் என்று பெயர் வைத்தோம். வாழ இடம் இருக்கிறதா என்றல்லவா முதலில் பார்க்கவேண்டும்!

அதுவரை, தோழர்களே, சில செய்திகளை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். தந்தை உயிரோடு இருக்கும்போது, அவர் தாமே சம்பாதித்த வீட்டில் உங்களுக்குப் பங்கு கிடையாது. எதிர்பார்ப்பு மட்டுமே உண்டு. எதிர்பார்ப்பு வீடாகாது. மணமாகித் தனிக் குடும்பமாக வாழ்பவன், தகப்பன் வீட்டைத் தன் வீடென்று அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. தந்தை மறைந்து பங்கு வந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். வாரிசுச் சான்று, பட்டா நகல், வரி ரசீது, நீங்கள் குடியிருக்கும் வீட்டின் வாடகை ஒப்பந்தம் இவற்றை இணைத்து, 'இன்ன பங்கு, இத்தனை சதுர அடி, நான் குடியிருக்கவில்லை' என்று தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மறுத்தால், எந்த விதிப்படி மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டு தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். தங்கையிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று ஆசை காட்டும் தரகனைத் தெருக்கோடியிலேயே திருப்பி அனுப்புங்கள். அவள் பங்கு உங்கள் தகுதிக்கு விலையல்ல.

படிவம் நிரப்பத் தெரியாத தோழனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பதும் கழகப் பணிதான். கிளைதோறும் கொடிக்கம்பம் இருக்கிறது; அதனடியில் ஒரு மேசை போடுங்கள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் போதும். இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, பங்கு உண்டு கூரை இல்லை என்று வாழ்வோர் எத்தனை பேர் என்ற கணக்கு அந்த மேசைகளில் சேரட்டும். அந்தக் கணக்கோடு வாரியத்தின் வாசலுக்கும், சட்டமன்றத்துக்கும், டில்லிக்கும் செல்வோம். மூன்றாவது கட்டத்தைத் தாளில் ஏற்றும் வரை ஓயமாட்டோம்!